அதை மட்டும் தொடாதே

மெய்ப்புத் திருத்துகிறவள் மத்தியானத் தூக்கம் கலைந்து வந்து உட்கார்ந்தபோது கணினி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிடலாம். நான்கு மணிக்குள் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த மூன்று புத்தகங்களும் வேறு ஆளுக்கு.

என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். பட்டியலின் உச்சியில் 'கேஎம்எக்ஸ் ஹெல்ப்பர்' என்று ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து முக்கால்வாசி மெமரியைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, இது என்னன்னு தெரியுமா? வைரஸா இருக்குமோ?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர், ஓய்வு பெற்ற மனிதருக்கு ஆகாத வேகத்தில் வந்து நின்றார்.

"அதை மட்டும் தொடாதே. மெஷினோட உயிரே அதுலதான் இருக்கு. இதோ கீழ இருக்கு பாரு, இது தண்டச்சோறு. இதை நிறுத்து."

நிறுத்தினாள். ஸ்பீக்கர் ஊமையானது. கணவர் அசரவில்லை; இன்னொன்றைக் காட்டினார். அதை நிறுத்தியதும் தமிழ் எழுத்து போயிற்று. 'ஒளிச்சேர்க்கை' என்று அடித்தால், யாரோ ஆங்கிலத்தில் வாய்க்குள் முணுமுணுப்பதுபோல் வந்தது. மூன்றாவதைக் காட்டினார். அடிப்பட்டையும் ஐகான்களும் துடைத்தெடுத்ததுபோல் மறைந்தன.

கேஎம்எக்ஸ் மட்டும் நன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

பதிப்பகத்தின் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். அவர் சொல்லச் சொல்ல, போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கேஎம்எக்ஸைப் பற்றியும் கேட்டாள்.

"பேரைப் பார்த்து நம்பாதீங்க மேடம். நல்ல பேரை யார் வேணா வச்சுக்கலாம். எங்கேருந்து ஓடுதுன்னு பாருங்க. சிஸ்டம் ஃபோல்டர்னா விட்டுடுங்க."

பார்த்தாள். 'இடுப்பு எக்ஸ்ரே' என்ற ஃபோல்டருக்குள்ளிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் இடுப்பில் ஒரு குறையும் கிடையாது.

"இதுதான் மெஷினோட உயிரா?"

"அஞ்சே நிமிஷம் என்கிட்ட குடேன்," என்றார் கணவர், காலில் விழாத குறையாக. "நானே பக்குவமா நிறுத்தறேன்."

மணி மூன்று ஐம்பத்தொன்று. அவளே நிறுத்தினாள். கணினி துள்ளி எழுந்து ஓடியது. மூன்று ஐம்பத்தெட்டுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. கையோடு பதில் வந்தது: அடுத்த மூன்றும் உங்களுக்கே.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணவரோ கப்பல் கவிழ்ந்தவர்போல் இஸ்திரி மேசைமேல் சாய்ந்துகொண்டிருந்தார்.

போன் அடித்தது. அவளுடைய அம்மா. தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்ற சண்டையில் மாமியாரும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தி மூன்று வருடமாகிறது. அம்மாவின் போன் என்றாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார். இன்று நகரவில்லை. மாறாக, எடுக்க வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

எடுத்தாள்.

"ஏண்டி, மாப்பிள்ளைகிட்ட குடு. நீ மத்தியானம் கண்ணசர்ற நேரத்துல மூணு வருஷமா ஒரு நாள் தவறாம கம்ப்யூட்டர்ல என்கூட செஸ் ஆடற மனுஷன், இன்னிக்கு நான் ஜெயிக்கப் போறேன்னு தெரிஞ்சதும் பாதியில மூடிட்டு ஓடிட்டாரே!"