ஏலக்காய் ஸ்டோர் சுவரில் இருக்கும் பெண் யார் என்பது பற்றி

போடி மலை எஸ்டேட்,
3.6.1979

பொட்டிபுரத்தில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை சுருளிவேலுக்கு, மலை மேலிருந்து மச்சான் உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கு நான் இடது முழங்கையைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சௌக்கியம். அங்கு நீங்களும் தங்கச்சி ஒச்சம்மாளும் பிள்ளைகளும், போன மாதம் கன்று போட்ட பசுவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க உங்கள் ஊர்க் காவல் தெய்வம் துணை நிற்கட்டும்.

நிற்க. நீங்கள் எழுதிய கார்டு வியாழக்கிழமை கிடைத்தது. அடுத்த முறை இந்த மாதிரி விஷயத்தைக் கவரில் போட்டு ஒட்டி அனுப்பவும். கார்டாக வந்ததால் தபால் கொண்டுவந்தவர், ஆபீஸ் கிளார்க், டீக்கடைக்காரர், எஸ்டேட்டில் வேலை செய்யும் எழுத்துத் தெரியாத முத்துப்பேச்சிக்கு வாசித்துக் காட்டிய மொக்கையன் என்று இத்தனை பேரும் பார்த்து முடித்து, "அண்ணே, ஒங்க மச்சினன் ரொம்பக் கோவமா இருக்காரு" என்ற சேதியோடுதான் என் கைக்கு வந்தது. "அக்கா போயி இன்னும் வருசம் திரும்பல. அதுக்குள்ள மலையில ஒரு பொம்பளையச் சொவத்துல வரைஞ்சு வச்சு, அவளுக்கு முன்னால உக்காந்து சோறு திங்கிறீராமே? ஜீப்புக்காரன் காசிமாயன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான். யாரு அவ?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சோறு தின்றதும் வாஸ்தவம். சுவரில் இருப்பது யார் என்பதைத்தான் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் இன்னும் கோபம் வரும் என்பதால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

இங்கே ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். காய் பறிப்பு இல்லாத மாதமாதலால் அது சும்மா கிடந்தது. ஆனிக் கடைசியில் முதலாளி வருகிறார் என்று அதற்கு வெள்ளையடித்தார்கள். நான் பாட்டுக்குச் சாக்குகளில் மார்க் எழுதிக்கொண்டு, தொழிலாளர் வீடுகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டு இருந்தேன். மலையாளத்துக்காரரான மானேஜர் வந்து, "உக்கிரபாண்டி, ஆ சொவத்துல ஒரு பெண்ணை வரையணும். கையில கூடை, கூடையில ஏலக்காய், மொகத்துல நல்ல சிரிப்பு" என்றார். நான் போர்டு எழுதுகிறவன், ஆள் வரைந்து பழக்கமில்லை, வேண்டுமானால் கூடையை மட்டும் நன்றாக வரைகிறேன் என்றேன். "கூடையை ஆரு பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். 

மறுநாள் ஏணி போட்டு ஏறினேன். பிடித்துக்கொள்ள மொக்கையனைக் கொடுத்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், நல்லவன், ஆனால் ஏணியைப் பிடிக்கச் சொன்னால் ஏணிமேல் சாய்ந்து தூங்குகிறவன். சேலை வரைந்தேன், கூடை வரைந்தேன், கூடையைப் பிடித்த கை வரைந்தேன். கை நன்றாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் இறங்கும்போது ஏணி ஆடியது. நான் கீழே பார்க்காமலே, உங்கள் அக்காளைக் கூப்பிடுகிற பழக்கத்தில், "வேலு, பிடி" என்றேன். மொக்கையன் முழித்துக்கொண்டு, இரண்டு கையையும் எடுத்துவிட்டு, "எம்பேரு மொக்கையன்ணே" என்றான். அந்த விளக்கம் முடிவதற்குள் நான் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இருந்தேன். முழங்கை கதை இதுதான். நான் குடித்துவிட்டு விழுந்ததாகக் காசிமாயன் சொல்லியிருந்தால் அது பொய்.

அதற்கப்புறம்தான் கஷ்டமே வந்தது. கூடை பிடித்த கை உங்கள் அக்காளுடையதாகவே வந்துவிட்டது, அவள் முகம் மட்டும் வரவில்லை. மாப்ளே, உங்கள் அக்காளைக் கட்டி இருபத்தாறு வருஷம் போடியில் குடித்தனம் செய்தேன். அதில் முக்கால்வாசி நேரம் நான் ஏணிமேல் இருந்தேன், அவள் ஏணியடியில் இருந்தாள். மேலே நின்று பார்த்தால் ஓர் ஆளின் தலை வகிடுதான் தெரியும், பெயிண்ட் டப்பாவை நீட்டுகிற கை தெரியும். வேலுத்தாயின் வகிடு கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருக்கும், நடுவில் ஒரு சுழி உண்டு. அதை இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். "என்ன மேல நின்னு கனாக் காங்கிற? வெரசா எழுதிட்டு எறங்குய்யா, ஒல கொதிக்குது" என்று சத்தம் போடுவாள். சத்தம் அப்படியே காதில் இருக்கிறது. ஆனால் தூரிகையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஒன்றுமில்லை. போட்டோ ஒன்று எடுத்து வைத்திருக்கலாம். ஊரிலுள்ள ஸ்டூடியோவுக்கெல்லாம் போர்டு எழுதிக் கொடுத்தவன் நான், அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க ஒருநாளும் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாள் அந்தப் பெண் முகமில்லாமல் நின்றாள். முத்துப்பேச்சி அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். "அது என்னையத்தேன் பாக்குது" என்றாள். கண்ணே இல்லாதது எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன். "அதுனாலதேன் பயமா இருக்கு" என்றாள். மானேஜர் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "பெண்ணுக்கு முடி உண்டு, வகிடு உண்டு, வகிட்டுல சுழி வரெ உண்டு. மொகம் எவிடெ?" என்றார். சனிக்கிழமைக்குள் முகம் வேண்டும் என்று உத்தரவு. அந்த நாட்களில்தான் மத்தியானச் சோற்றை அங்கேயே கொண்டுபோய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து தின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. வரவில்லை, மாப்ளே. சோறுதான் ஆறிப்போனது.

போன மாதம் 26ம் தேதி, சனிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் ஏறினேன். எதையும் யோசிக்கக் கூடாது, கையை அதன் போக்கில் விட்டுவிடுவோம் என்று ஆரம்பித்தேன். புருவம் வந்தது. மூக்கு வந்தது, நுனி கொஞ்சம் மழுங்கின மூக்கு. கன்னத்து எலும்பு வந்தது. அவள்தான், அவளேதான், வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஏணியை விட்டு இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். மொக்கையனும் பார்த்தான். தலையை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. இது நம்ம பொட்டிபுரம் சுருளிவேலு மாதிரில்ல இருக்கு?" என்றான்.

போடா என்றேன். அவன் விடவில்லை. "சத்தியமாண்ணே, மீசை மட்டுந்தேன் கொறச்சல்" என்று சொல்லி, அடுப்புக்கரியை எடுத்து, நான் தடுப்பதற்குள் ஏறி ஒரு மீசையும் வைத்துவிட்டான். வைத்துப் பார்த்தால், மாப்ளே, என்ன சொல்ல! சேலை கட்டி, கூடை பிடித்து, சிரித்த முகத்தோடு, முறுக்கு மீசை வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து மானேஜர் வந்தார்.  "ஈ எஸ்டேட்டுல மீசை வச்ச பெண் ஆரு?" என்று கேட்டார். என் மச்சினன் என்று எப்படிச் சொல்வது? மீசையை ஈரத்துணியால் துடைத்தோம். கரி போகாமல் வாயைச் சுற்றிப் பரவிவிட்டது. காசிமாயன் லோடு இறக்க வந்து பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். ஆகவே அவன் சொன்ன பொம்பளை யார் என்றால், அது நீங்கள்தான். கோபப்படாமல் மேலே படிக்கவும்.

ஏன் உங்கள் முகம் வந்தது என்று இரண்டு நாளாக யோசித்தேன். போன ஆடியில் நான் இங்கே வேலையில் இருந்த நேரம் அவள் போய்விட்டாள்; மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்து, தந்தி மூன்றாம் நாள்தான் என் கைக்கு வந்தது. குரங்கணிப் பாதையில் மழையோடு மழையாக நடந்தே இறங்கி வந்தேன். நான் வந்தபோது எல்லாம் முடிந்து, வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. பிள்ளை இல்லாத எங்களுக்குப் பிள்ளையாக நின்று நீங்கள் கொள்ளி வைத்திருந்தீர்கள். மொட்டைத் தலையோடு, மீசையும் மழித்து, வாசலில் நின்று, "வாங்க மச்சான்" என்று சொம்புத் தண்ணீரை நீட்டினீர்கள். மீசையில்லாத உங்கள் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன். வேலுத்தாய் நிற்கிற மாதிரி இருந்தது. அதே மூக்கு, அதே எலும்பு. என்னால் பார்க்க முடியவில்லை. தண்ணீரை வாங்காமல் உள்ளே போய்விட்டேன். எனக்காக ஒரு நாள் காத்திராமல் எடுத்துவிட்டீர்கள் என்று நான் கோபித்துக்கொண்டதாக ஊரே பேசியது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். சத்தியமாக அது இல்லை. பத்து மாதமாக மலையை விட்டு நான் இறங்காததற்கும் வேலை காரணம் இல்லை. இறங்கினால் உங்களைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

இதை இத்தோடு விடுவோம். நாளைக்குச் சுண்ணாம்பு அடித்து அந்தப் பெண்ணை அழித்துவிடுகிறேன். அந்த இடத்தில் ஒரு ஏலச்செடி வரைந்துகொள்கிறேன், செடிக்கு முகம் வேண்டியதில்லை என்று மானேஜரும் ஒத்துக்கொண்டார். ஆகவே சண்டை பிடிக்க நீங்கள் மலையேறி வரவேண்டிய அவசியமில்லை. ஆடியில் வருஷம் கும்பிடுவதற்கு நான் வரத் தோதுப்படாது. என் பேரையும் சொல்லி நீங்களே ஒரு படையல் போட்டுவிடவும். அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தங்கச்சி ஒச்சம்மாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நூறு வருஷம் வாழட்டும். பசுவுக்கும் கன்றுக்கும் என் பெயரைச் சொல்லி ஒரு கட்டுப் புல் கூடுதலாகப் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
உக்கிரபாண்டி

பி.கு: நேற்று ஜீப்பு வரவில்லை. கடிதம் என்னிடமே இருந்ததால் செவ்வாய்க்கிழமை இதை எழுதுகிறேன். கடைசியில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். நேற்றுச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். முகத்துக்கு நேராகச் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கொண்டுபோய் அப்படியே நின்றேன். முத்துப்பேச்சி பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த மொகத்தோட சொந்தக்காரவுக உசுரோட இருக்காகள்ல? நேர்ல வரச்சொல்லிப் பாத்து வரைங்க" என்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் கொண்டுவருகிற காசிமாயனுடைய ஜீப்பிலேயே ஏறி வந்துவிடவும். மீசை இருந்தால் இருக்கட்டும், எடுக்க வேண்டாம், மூக்குக்கு மேலே உள்ளது போதும். இங்கே மழை பிடித்துவிட்டது, கம்பளி கொண்டுவரவும். இரண்டு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள். ஒரு நாள் உங்களைப் பார்த்து வரைவதற்கு. ஒரு நாள் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதற்கு.