ஆப்பிரிக்காவுக்காக உயர்ந்த கைகள்

ஜெயிக்கப்போகும் நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு கலை. தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அது மட்டும் வரவே இல்லை.

செம்பூரில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் கிரேக்கம், ஜெர்மனி, கொஞ்சம் இந்தியா. அதோடு உலகம் முடிந்துவிடும். தாராவியிலிருந்து வரும் முதலாமாண்டு மாணவி செல்வி ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "மேடம், ஆப்பிரிக்கால ஒருத்தரும் யோசிக்கவே இல்லியா?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது. விழுந்து விழுந்து படித்து, ஆப்பிரிக்கத் தத்துவத்துக்கென்று ஒரு புதிய பாடம் தயாரித்தேன். (வீட்டில் அந்த மாதம் முழுக்க உப்புமாதான்.)

பாடத்திட்டக் குழு மாட்டுங்காவில் கூடியது. ஆப்பிரிக்காவின் சில சமூகங்களில் பெரும்பான்மை பார்த்து முடிவெடுப்பதில்லை, எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை உட்கார்ந்து பேசுவார்கள் என்று உருகி உருகி விளக்கினேன். "யார் யார் ஆதரவு?" என்றார் தலைவர். மேஜையைச் சுற்றிக் கைகள் உயர்ந்தன. லாஜிக் நடத்தும் ரங்கன் சார் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

தலைவர் எண்ண ஆரம்பித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். துள்ளி எழுந்து, "ஹாத் நீச்சே! கையை இறக்குங்கள்! வோட்டு வேண்டாம். நாமும் அந்த முறைப்படியே பேசி முடிவெடுப்போம்!" என்றேன்.

ரங்கன் சார் முகம் மலர்ந்தது. "ஆப்பிரிக்கா வரட்டும்மா. ஆனா என் லாஜிக்ல கை வைக்கப்படாது" என்றார். அடுத்தவர் சீனாவைக் கொண்டுவந்தார். இன்னொருவர் மராத்தி ஞானிகளுக்கு இடம் எங்கே என்றார். கை தூக்கியவர்களுக்கெல்லாம் இப்போது ஆளுக்கொரு தேசம் ஞாபகம் வந்தது. வடா பாவ் வந்தது, தீர்ந்தது, சண்டை தீரவில்லை. சாயங்காலம் கல்யாண் லோக்கல் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ரங்கன் சாருக்கென்ன, வீடு எதிர்த்தெருவில்.

கடைசியில் எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டோம்: அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் என் கணவர் வெற்றியைக் கொண்டாட இனிப்புப் பேடா வாங்கி வைத்திருந்தார். "வோட்டு எடுத்திருந்தா ஜெயிச்சிருப்பியா?"

"ம்."

"வேண்டாம்னு சொன்னது யாரு?"

பேடாவைத் தின்றேன். (அழுதுகொண்டேதான். ஆனால் நாலு.)

மறுவருஷம் அந்தப் பாடம் நிறைவேறியது. வோட்டில்தான். நான் வாயே திறக்கவில்லை. கடைசி வருஷத்தில் செல்வி அதைப் படித்தாள், முதல் பெஞ்சில் உட்கார்ந்து.

போன ஞாயிற்றுக்கிழமை, "வெளியே சாப்பிடலாமா?" என்றார் கணவர். வீட்டில் மூன்று பேர் கைகளும் உயர்ந்தன. "ஹாத் நீச்சே!" என்று கத்தினாள் என் மகள். "எங்கே போறதுன்னு பேசி முடிவு பண்ணலாம்."

பேசினோம். உப்புமா நன்றாகத்தான் இருந்தது.