மாமனார் வீட்டுப் போஞ்சிக்கு வெயில் காட்டிய கதை

புது மாப்பிள்ளையைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவது எந்தக் குடும்பத்துக்கும் ஆபத்து. இரண்டு வேளை மரியாதையாகச் சாப்பிடுவான். அப்புறம் எதையாவது சரிசெய்யக் கிளம்பிவிடுவான்.

நான் கிளம்பியது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் மாமனார் வீட்டுக்குப் பின்னால். அங்கே அவர் போஞ்சியும் தக்காளியும் போட்டிருந்தார். பாத்தி ஓரத்தில் ஒரு பெரிய மரம். காலையில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும் வெயில் அப்புறம் மரத்துக்குப் பின்னால் போய்விடும். போஞ்சிக் கொடிகள் நோஞ்சானாக நின்றன.

"கிளைய வெட்டினா என்ன மாமா?"

"தோட்டத்து மரம் மாப்பிள்ளை. கைய வச்சா நாளைக்கு ஆபிஸ்ல போய் நிக்கணும்."

விட்டேனா? நான் பதுளை டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். (கடை என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி.) மரத்தை வெட்ட முடியாவிட்டால் வெயிலைத் திருப்பலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். தேயிலை அடைக்கும் பைகளின் உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். கூரை ஒழுகும் இடத்தில் செருகுவதற்காக மாமா அப்படிச் சில பழைய பைகளை வைத்திருந்தார். அவற்றைப் பிரித்து, பாத்தியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டினேன். போஞ்சி மேல் வெளிச்சம் பளீரென்று விழுந்தது. மனைவி சாந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. காத்து வந்தா?" என்றாள்.

நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமாகப் பேசாதே என்று அவளை உள்ளே அனுப்பினேன்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மரத்தடிக்குப் போனால் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அப்படித்தான். டவுன்காரனான நான் தரையையே பார்த்துக் கம்பு நட்டேன். மேலே ஒரு கிளையில் குளவிக்கூடு தொங்கியதைப் பார்க்கவில்லை. கண்ணிருப்பவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று மாமாவும் சொல்லவில்லை.

காற்று வந்தது. ஒரு பை கம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, அந்தக் கிளையில் மாட்டி, கூட்டின் மேல் படபடவென்று அடித்தது. பெரிதாக ஓர் இரைச்சல் கேட்டது. லொறி வருகிறதாக்கும் என்று நான் ரோட்டைப் பார்த்தேன்.

மாமா பாய்ந்து வந்து என்னைப் பாத்திக்குள் தள்ளினார். மிச்சமிருந்த பைகளை உருவி என் மேல் போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் குப்புற விழுந்தார்.

"கத்தாதீங்க. ஓடாதீங்க. அசையவே கூடாது."

"மாமா, அத்தை..."

அத்தை கீழே தேயிலை மலையில் மற்றப் பெண்களோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். குளவி கொட்டி ஆள் செத்த கதை இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு. பையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அத்தனை பேரில் ஒருவரையும் காணோம். பேச்சில்லை, சிரிப்பில்லை, தேயிலைச் செடிகள் மட்டும் நின்றன. எல்லாரையும் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். உடம்பு உதறத் தொடங்கியது.

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல?"

"நான் அசையல மாமா, அது தானா ஆடுது."

பைக்கு மேல் குளவிகள் ஊரும் சத்தம் கேட்டது. கிழியாத பையை எனக்குப் போட்டுவிட்டதால் மாமாவின் தலை முழுதாக மூடவில்லை. ஒருமுறை அவர் பல்லைக் கடித்தது கேட்டது, அவ்வளவுதான். இந்த மனிதர் என்னால் சாகப்போகிறார், சாந்தி முகத்தில் எப்படி விழிப்பேன்? காலையில் வெயிலுக்கு அலைந்தவன், "முருகா, வெயிலே வேண்டாம், மழையக் கொடு" என்று வேண்ட ஆரம்பித்தேன்.

மழை கொட்டியது. (முருகன் கொடுத்தாரா, பதுளைப் பக்கத்து மழையே அப்படித்தானா என்று நான் விசாரிக்கவில்லை.) இரைச்சல் மெல்ல அடங்கியது. கீழே ஒரு செடிக்கு அடியிலிருந்து முதலில் எழுந்தவர் அத்தைதான். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இரைச்சல் கேட்டதுமே இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்குள் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நான் விம்மி விம்மி அழுதேன். மழையில் தெரியாது என்று நினைத்தேன், லயத்துக்கே தெரிந்திருக்கிறது.

மாமாவின் காது பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போஞ்சியைப் பற்றியும் பேசவில்லை. நாங்கள் இருவரும் அதன் மேல்தான் படுத்திருந்தோம்.

போன வருடம் என் மச்சினியைப் பெண் பார்க்கத் தெமோதரையிலிருந்து வந்தார்கள். பையனின் படிப்பு, வேலை, குடும்பம் எதையும் மாமா கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையனிடம் திரும்பினார்.

"தம்பிக்கு வீட்டுக்குப் பின்னால செடி கிடி வைக்கிற ஆசை ஏதும் உண்டுங்களா?"

பையன் மிரண்டுபோய், "இல்லைங்க, எனக்கு அதெல்லாம் ஒன்னுமே தெரியாதுங்க" என்றார்.

மாமா சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சாந்தி, தாம்பூலத் தட்ட எடுத்துக்கிட்டு வாம்மா. நல்ல பையன்."