நூற்றொன்றை ரத்து செய்த ரிவிஷன் அண்ணாச்சி

சாம்பாருக்கு ரிவிஷன் நம்பர் போட்ட மனிதர் உலக சரித்திரத்திலேயே ஒருவர்தான். அவர் பஹ்ரைனில், குதைபியாவில், எங்கள் கட்டடத்தில், என் எதிர்வீட்டில் குடியிருந்தார். சரித்திரம் என்ற சொல்லை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்தத் தீவில் செம்பு வாங்கி விற்ற பழங்காலத்து வியாபாரிகள் களிமண் பலகைகளில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். படித்த வரையில், அவர்கள்கூடக் குழம்புக்கு எண் போட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் கட்டடத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. ரிவிஷன் அண்ணாச்சி, அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கண்ட்ரோலர். கட்டட வரைபடம் திருத்தப்பட்டு, ரிவிஷன் ஒன்று, ரிவிஷன் இரண்டு என்று புது எண்ணோடு வரும்போது புதியதை சைட்டுக்கு அனுப்பிவிட்டு, பழையதைத் திரும்ப வாங்கி, அதன் நெற்றியில் ‘சூப்பர்சீடட்’ என்று சிவப்பு முத்திரை குத்துவது அவர் வேலை. இது செத்துவிட்டது, இனி இதைப் பார்த்து யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய வரைபடத்தைப் பார்த்து மேஸ்திரி எழுப்பிய ஒரு சுவரை முழுவதுமாக இடிக்க வேண்டி வந்ததாம். சுவர் ஒரு நாளில் இடிந்துவிட்டது. அண்ணாச்சிக்குள் அது தினமும் இடிந்துகொண்டிருந்தது.

அதனால் வீட்டிலும் எதையும் பழசாக இருக்க விடமாட்டார். அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். மதினி சாம்பாரில் புளியைக் குறைத்தால் அது ரிவிஷன் ஒன்று. முருங்கைக்காய் சேர்த்தால் ரிவிஷன் இரண்டு. முந்தின நாள் சாம்பாரைச் சூடு பண்ணிப் பரிமாறினால், “செத்த டிராயிங்கை எதுக்குட்டி சைட்டுக்கு அனுப்புத?” என்பார்.

“இந்தா, உங்களுக்கு ஆக்கிப் போடுதேன் பாருங்க, என் மேல ஒரு முத்திரையைக் குத்திட்டுப் போங்க” என்பார் மதினி.

மருமகன் முறையில் ஒரு பையனின் கல்யாணப் பத்திரிகை ஊரிலிருந்து வாட்ஸாப்பில் வந்தது. மண்டபம் மாறியதால் இரண்டாவது பத்திரிகையும் வந்தது. அண்ணாச்சி சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பழைய பத்திரிகையை போனிலிருந்து அழித்துவிட்டதாக வாயால் சொல்ல வைத்தார். மாப்பிள்ளையையும் விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லிஃப்டில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, இந்தச் சட்டை போன தீபாவளிக்குப் போட்டதுல்லா? இந்தத் தீபாவளிக்குப் புதுசு எடுத்தாச்சு. பொறவு இது எப்படி வெளிய நடமாடுது?”

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், கோமதி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பிளஸ் டூ முடித்து இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முதல் பருவத்துக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். ரமலான் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அது; அலுவலக நேரம் மாறப்போகும் சுற்றறிக்கை வந்த அன்றுதான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். பி.காம். படித்தவன் என்பது என் தகுதி. நான் படித்த கல்லூரியில் முதல் வருஷம், இரண்டாம் வருஷம், அரியர் என்று மூன்றே வகைதான் இருந்தன. இங்கோ ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் எழுத்து, பின்னால் மூன்று இலக்கம், அதற்கும் பின்னால் கட்டாயம், விருப்பம், பொது, துறை என்று நான்கு ஜாதி. எனக்குக் கண்ணைக் கட்டியது.

அண்ணாச்சிக்கு மட்டும் எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பயன்பாடு என்று ஒரே தலைப்பில் இரண்டு பாடங்கள் இருந்தன. ஒன்று நூற்றொன்று, மற்றொன்று இருநூற்றொன்று.

“ஒரே பேரு, ரெண்டு நம்பரு. பெரிய நம்பருதான் செல்லும். நூத்தியொண்ணு சூப்பர்சீடட். அதைக் கையால தொடப்பிடாது.”

“அப்பா, ஐ திங்க் ரெண்டும் வேற வேற கோர்ஸ்” என்றாள் கோமதி.

“திங்க் பண்ணப்பிடாது மக்கா. அப்படித் திங்க் பண்ணித்தான் மேஸ்திரி சுவரைக் கெட்டினான்.”

கோமதிக்கும் அன்று நிச்சயமாகத் தெரியாது. இருநூற்றொன்றை அழுத்தினாள். போர்ட்டல் மறுக்கவில்லை, பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. “பாத்தேளா தம்பி, அப்ரூவ்டு” என்று அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். அந்த டிக்கைப் பார்த்து நானும் நம்பினேன்.

வருஷங்கள் ஓடின. கோமதி நன்றாகப் படித்தாள். கடைசிப் பருவம் தொடங்கிய நேரத்தில் அண்ணாச்சியின் கம்பெனி ஒரு செய்தி சொன்னது. புராஜெக்ட் கோடையோடு முடிகிறது. வேறு சைட்டில் இடமில்லாதவர்களுக்கு ஊருக்கு டிக்கெட். அண்ணாச்சிக்கு வேறு சைட்டில் இடமில்லை. அவர் விசா முடிந்தால் அதில் இருக்கும் மதினிக்கும் கோமதிக்கும் அதே விமானம்தான். “பரவால்ல தம்பி, பிள்ளைக்குப் படிப்பு முடிஞ்சிரும், கலாஸ்” என்று, ‘முடிந்தது’ என்பதற்கான அரபுச் சொல்லோடு தெம்பாகத்தான் இருந்தார்.

அந்த வாரமே கோமதி பட்டத்துக்கு விண்ணப்பித்தாள். ஒரு கட்டாயப் பாடம் குறைகிறது என்று பதில் வந்தது. கம்ப்யூட்டர் பயன்பாடு, நூற்றொன்று.

சரி, இந்தப் பருவத்திலேயே எடுத்துவிடலாம் என்று பட்டியலைத் திறந்தால் நூற்றொன்று என்று ஒரு பாடமே அதில் இல்லை. இப்போது எடுக்காவிட்டால், இத்தனை வருஷப் படிப்பும் ஒரே ஒரு பாடம் குறைந்த நிலையில் நின்றுபோகும். ஊருக்குப் போய் அந்த ஒரு பாடத்தை எந்தக் கல்லூரியில் படிப்பது?

மறுநாள் பாட ஆலோசகரைப் பார்க்க அண்ணாச்சி கோமதியோடு என்னையும் அழைத்துப் போனார். “மீட்டிங்னா மினிட்ஸ் எழுத ஒரு ஆள் வேணும் தம்பி.” ஆலோசகர் சூடான் நாட்டுக்காரர், சாவதானமான பேராசிரியர். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அண்ணாச்சியின் ஆங்கிலம் எனக்குத் திருநெல்வேலித் தமிழாகவே கேட்டதால் அப்படியே தருகிறேன்.

“ஸார், முதல்ல இந்த நம்பரு என்னன்னு சொல்லுங்க. முந்நூறுன்னா மூணாவது மாடியா?”

“இல்லை, மூன்றாம் ஆண்டுத் தரம்.”

“அப்போ மூணாம் வருசத்துலதான் எடுக்கணும்?”

“கட்டாயமில்லை. இரண்டாம் ஆண்டிலும் எடுக்கலாம். நான்காம் ஆண்டில் எடுப்பவர்களும் உண்டு.”

“பொறவு எதுக்கு ஸார் அந்த மூணு?”

பேராசிரியர் சற்று யோசித்தார். “ஒரு அடையாளத்துக்கு” என்றார்.

“நடு நம்பரு?”

“பாடத்தின் உட்பிரிவு. பழைய பாடங்களில் மட்டும். புதியவற்றில் என்னவென்று எனக்கும் தெரியாது.”

“அப்போ இருநூத்தியொண்ணு வந்தப்புறமும் நூத்தியொண்ணு உயிரோட இருக்கா?”

“இரண்டும் வெவ்வேறு பாடங்கள், சகோதரரே. நூற்றொன்று எல்லோருக்கும் கட்டாயம். இருநூற்றொன்று விரும்பியவர்களுக்கு.”

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. பேராசிரியர் ஆறுதலாக ஒன்று சொல்வதாக நினைத்துக்கொண்டு மேலும் குழப்பினார். இந்த வருஷம்தான் எல்லா எண்களையும் நான்கு இலக்கமாக மாற்றினார்களாம். பழைய நூற்றொன்றுக்கு இப்போது ஆயிரத்து நூற்றைந்து என்று பெயராம்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆஹா! அப்போ நூத்தியொண்ணு போயிட்டுல்லா? போனது பிள்ளைக்கு எதுக்கு?”

“போகவில்லை. உங்கள் மகள் சேர்ந்த வருஷத்துப் பட்டியல்தான் அவருக்குச் செல்லும். அவரைப் பொறுத்தவரை நூற்றொன்று இருக்கிறது. இந்த வருஷம் சேர்ந்தவர்களுக்கு இல்லை.”

“ஒரே டிராயிங்கு. ஒருத்தருக்கு உயிரோட இருக்கு, இன்னொருத்தருக்குச் செத்துப்போச்சு?”

“அதேதான்.”

“சுவரு எதை வச்சு ஸார் கெட்டுவேங்க?”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் மினிட்ஸைப் பார்த்தேன். அதில் ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் மாறி மாறி எழுதியிருந்தேன். எது எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

கடைசியில் விஷயம் இதுதான். கோமதி புதிய பாடத்தைப் படிக்கலாம். அதைப் பழைய நூற்றொன்றாக அவர் ஏற்றுக்கொள்வார். ஆனால் வகுப்பு நிரம்பிவிட்டது. கூடுதலாக ஓர் இடம் கொடுக்கக் காரணம் வேண்டும். பேராசிரியர் பேனாவை எடுத்துக்கொண்டு கோமதியிடம் கேட்டார். “முதல் வருஷத்திலேயே ஏன் எடுக்கவில்லை?”

“மறந்துட்டேன், ஸார். என் தப்புதான்” என்றாள் கோமதி, தரையைப் பார்த்தபடி.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். “நோ ஸார். பிள்ளை மறக்கல. அவ கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். நான் சூப்பர்சீடட் பண்ணிட்டேன். தப்பு எம்மேல. பிள்ளை பேருல எழுதாதிய.”

“அப்பா, உக்காருங்க ப்ளீஸ்.”

“நீ சும்மா இரிட்டி. எழுதுங்க ஸார், ஃபாதர்ஸ் மிஸ்டேக்.”

பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் மகன் வேறொரு நாட்டில் படிக்கிறானாம். அங்கே எண்கள் ஐந்து இலக்கமாம். “நானும் தொலைபேசியில் அவனுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்று தாடியைத் தடவினார். “இனி நிறுத்திக்கொள்கிறேன். காரணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இடம் உண்டு. கலாஸ்.”

அப்படியாக, கடைசி வருஷத்துக் கோமதி முதல் வருஷத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று கற்றுக்கொண்டாள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று “குட் மார்னிங், மிஸ்” என்றதாம். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

ஆனால் மனிதர் மாறினார். எங்களுக்குத்தான் இன்னும் குழப்பமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். மேஜையில் முந்தின நாள் சாம்பாரும் அன்றைய சாம்பாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“எதை ஊத்திக்கிடணும் அண்ணாச்சி?”

“ரெண்டும் செல்லும் தம்பி. நீங்களும் நாங்களும் பழைய பட்டியல்ல குடிவந்தவங்க, நமக்குப் பழசு. புதுசாக் குடிவந்தவனைக் கூப்பிட்டா அவனுக்குப் புதுசு.”

“இவியளோட பழைய கிறுக்கே தேவலைன்னு ஆயிட்டு” என்று மதினி அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தார்.

கடைசித் தேர்வு வந்தபோது அண்ணாச்சி காரை விற்றிருந்தார். வீட்டில் பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. கோமதியை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அண்ணாச்சியும் கூட வந்தார். தேர்வு முடியும் வரை பார்க்கிங்கில் ஏசியைப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் எதற்கும் எண் சொல்லவில்லை. வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது.

கோமதி வந்து பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

“எப்படி மக்கா?”

“ஈஸிப்பா. ஃபர்ஸ்ட் இயர் பேப்பர்தானே. பாஸ் ஆயிடுவேன்.”

“இனிமே ஒண்ணும் பாக்கி இல்லல்லா?”

“நத்திங். எல்லாம் முடிஞ்சுது.”

அண்ணாச்சி தலையாட்டினார். சீட் பெல்ட்டை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். ஜன்னல் வழியே அந்த வெள்ளைக் கட்டடங்களையும், நிழலில் நின்று சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் பார்த்தார். டிக்கெட் அடுத்த வாரத்துக்கு வந்திருந்தது.

“யல்லா தம்பி, வண்டியை எடுங்க” என்றார் மெதுவாக.

குதைபியாவுக்கு நேர்வழி எனக்கு நன்றாகத் தெரியும். நான் கடலோரமாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.