வைகுண்டராஜ் தேர்ந்தெடுத்த இன்ஜினியரிங் காலேஜ்

மகள் கோதைக்கு எந்த இன்ஜினியரிங், எந்தக் காலேஜ் என்பதைத் தான் மட்டுமே முடிவு செய்வது என்று வைகுண்டராஜ் சபதம் எடுத்தார். சத்தமில்லாமல்தான் எடுத்தார். மனைவி செல்லக்கனி அடுப்படியில் இருந்தாள்.

ராஜபாளையத்தில் பம்புசெட் கடை வைத்திருந்தவர் அவர். தொண்ணூற்றெட்டில் கோதை பிளஸ் டூவில் மார்க்கை அள்ளிக்கொண்டு வந்ததும் தெருவே யோசனை சொன்னது. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "சிவிலா? நமக்குக் கோர்ட்டு வாசலே ஆகாது. ட்ரிபிள் ஈயா? ஆயுசு பூரா ஈ... ஈ... ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டா திரிய?"

உண்மையில் பாடம் எதுவானாலும் அவருக்குச் சம்மதம். காலேஜ் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்க வேண்டும். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் பிள்ளை வீட்டில். டியூஷன் விட்டு அவள் வர செத்த நேரம் ஆனாலே தெருமுனையில் போய் நிற்கிற மனுஷன், ஹாஸ்டலுக்கு எப்படி அனுப்புவார்?

நேராகச் சொன்னால் நடக்காது. அவர் கிழக்கு என்றால் செல்லக்கனி மேற்கு. ஆகவே தலைகீழாகச் சொல்லிவிடத் தீர்மானித்தார்.

"ஏட்டி, முடிவு பண்ணிட்டேன். மெட்ராஸ். கம்ப்யூட்டர். ஹாஸ்டல்!" என்றார், இட்லியைப் பிட்டபடி.

'அம்புட்டு தூரமா?' என்று அவள் குதிப்பாள் என்று காத்திருந்தார்.

செல்லக்கனி சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வைகுண்டராஜ் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டார். கல்யாணமான நாள் முதல் அவர் காதில் விழாத வாக்கியம் அது.

"நல்லா யோசிச்சியா? ஹாஸ்டல் சோறு..."

"பழகிக்கிடுவா."

"கம்ப்யூட்டரையே பாத்தா கண்ணு கெட்டுப்போகும்."

"கண்ணாடி போட்டுக்கிடுவா."

"மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சமாம்லா!"

"உங்க பேச்சை நான் என்னைக்குங்க மீறியிருக்கேன்?"

அவர் கை கழுவுவதற்குள் பக்கத்து வீட்டு கிருபாபாய் டீச்சர் வாசலில் நின்றார். "அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைய மெட்ராஸுக்கு அனுப்புதீகளாம்லா! இந்தத் தைரியம் எம்புட்டுப் பேருக்கு வரும்?"

தைரியசாலி பாவமாகச் சிரித்து வைத்தார்.

கவுன்சிலிங் நாள் வந்தது. மெட்ராஸில் வரிசையில் நிற்கும்போது மகளின் காதோரம் குனிந்தார். "கண்ணு, நம்மூர்ப் பக்கமும் சீட்டு இருக்காம்..."

"மெட்ராஸ்னு நானும் அம்மாவும் மார்ச்சுலயே முடிவு பண்ணியாச்சுப்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னுதான் முழிச்சிக்கிட்டு இருந்தோம். நீங்களே சொல்லிட்டீங்க!" என்று கோதை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

காலேஜ் திறக்கிற வாரம், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளை ஏற்றினார். கோதைக்கு இரண்டு. மூன்றாவதாக ஒரு பெரிய பெட்டி.

"இது யாருது?"

செல்லக்கனி ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "புது ஊர்ல பிள்ளைய ஒத்தையில விடவா முடியும்? பழகுற வரைக்கும் என் தங்கச்சி வீட்டுல இருந்து பாத்துக்கிடுதேன்."

பஸ் நகர்ந்தது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"என்னங்க, சோறு பொங்க அரிசி ஒண்ணுக்குத் தண்ணி மூணு!"