கடையா, நிறுவனமா?

இயக்குநர் இரண்டு கட்டுரைகளை மேசைமேல் அருகருகே வைத்தார். ஒன்றில் சிவப்பு மையில் எண்பத்து நான்கு. மற்றதில் நாற்பத்தொன்று.

"ரெண்டும் நீங்க போட்ட மார்க்குதானே?"

"ஆமா சார்."

"ரெண்டும் ஒரே கட்டுரை."

தராசு இரண்டையும் எடுத்துப் பார்த்தார். அந்த மேலாண்மைக் கல்லூரியில் அவர் பன்னிரண்டு வருட விரிவுரையாளர். சேர்க்கைக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதி அனுப்பும் கட்டுரைகளை ஒரு பக்கமும் சாயாமல் திருத்துவதால் அவருக்குத் தராசு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான்.

"ஒரே கட்டுரை இல்ல சார். படிக்கறப்ப வேற மாதிரி இருந்துச்சு."

"ஒரு வார்த்தைதான் வேற. இதுல 'அப்பாவின் நிறுவனத்தில் உதவினேன்'. அதுல 'அப்பாவின் கடையில் உதவினேன்'. சோதிச்சுப் பாக்கலாம்னு நான்தான் எழுதி அனுப்பினேன்."

தராசு தம் கைப்பட எழுதிய குறிப்புகளைப் படித்தார். நிறுவனத்துக்கு எதிரே, 'சிறு வயதிலேயே தலைமைப் பண்பு'. கடைக்கு எதிரே, 'படிக்கிற வயதில் கவனச் சிதறல்'.

"நாப்பது கட்டுரையையும் வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பத் திருத்துங்க. சாயாம. இல்லேன்னா சேர்க்கைக் குழுத் தலைவர் பதவி புள்ளியியல் மேடத்துக்குப் போயிடும்."

பதவி போனாலும் தாங்கியிருப்பார். பதவியோடு கதவு வைத்த அறை ஒன்றும் வருவதாக இருந்தது. இப்போது அவர் உட்கார்ந்திருப்பது ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால். அந்தக் கதவுக்கென்று மனைவி பித்தளையில் பெயர்ப் பலகை செய்து வாங்கி, ஃபிரிட்ஜ் மேல் வைத்து ஒரு வாரமாகிறது.

"எத்தன மார்க் வித்தியாசம்?" என்றார் மனைவி.

"நாப்பத்து மூணு."

"எதுக்கு?"

"கடைங்கறதுக்கு."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினார். "எங்கப்பா வச்சிருந்தது என்னங்க?"

தராசு யோசித்தார். "நிறுவனம்."

"ரெண்டு ஷட்டர். அதுல ஒண்ணு திறக்காது."

"சின்ன நிறுவனம்."

அன்று மாலை அவருக்குத் தட்டு வந்தது. பேச்சு வரவில்லை.

மறுநாள் நாற்பது கட்டுரைகளோடு ஆபீஸ் அக்கா முன்னால் போய் நின்றார். அக்கா ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஏதோ தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கட்டடத்தப் பாக்க ஆள் வர்றாங்களாம் சார். மாடிக்கு ஒண்ணு நகல் எடுக்கணும்."

"அது கிடக்கட்டும்க்கா. மார்க்கர் இருக்கா? பேரு, ஊரு, படிச்ச பள்ளிக்கூடம், அப்பா வேலை, எல்லாத்தையும் கறுப்பு அடிச்சுடுங்க. யார் எவர்னு எனக்குத் தெரியக் கூடாது."

அக்கா அடித்துக் கொடுத்தார். தராசு படித்தார். முதல் கட்டுரைக்காரர் ஓய்வு நேரத்தில் குதிரையேற்றம் பழகுகிறார். கை தானாக எண்பது போட்டது. அடுத்தவர் ஓய்வு நேரத்தில் தம்பிக்குத் துணி துவைக்கிறார். ஐம்பதில் கை நின்றது.

"அக்கா, ஓய்வு நேரத்தையும் அடிச்சுடுங்க."

ஓய்வு நேரம் போனது. அப்புறம் அரைப்புள்ளிகள் கண்ணில் பட்டன. அரைப்புள்ளி போடத் தெரிந்தவன் நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகத்தான் இருப்பான். அரைப்புள்ளியைத் தூக்கியதும் காற்புள்ளிக்காரர்களுக்கு மார்க் ஏறியது. காற்புள்ளியையும் தூக்கினார்கள். நிறுத்தக் குறியே இல்லாத ஒரு கட்டுரையை வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தபோது, மூன்றாவது பத்தியில் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மற்றபடி பேசவில்லை.

புதன்கிழமை, தடித்த தாளில் வந்த கட்டுரைகளுக்கு ஏழெட்டு மார்க் கூடுதலாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"அதுக்கென்ன சார், எல்லாத்தையும் ஒரே தாள்ல ஜெராக்ஸ் எடுத்துடலாம்," என்றார் அக்கா. அவருடைய பத்து விரல்களும் கறுத்திருந்தன. ஐந்தாவது மார்க்கர் தீர்ந்திருந்தது. மெஷின் இரண்டு தடவை சிக்கி, மூன்றாவது தடவை எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் துப்பியது.

"இனிமே கறுப்பு அடிக்கறதா இருந்தா நீங்களே அடிச்சுக்குங்க சார். வீட்ல சோறு போட்டா என் கையப் பாத்துட்டு யாரும் சாப்பிட மாட்டேங்கறாங்க."

தராசு அதற்கும் ஒரு முறை வகுத்தார். படித்தால் மனம் சாயும். ஆகவே படிக்கக் கூடாது. ஆபத்தான சொற்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கி, அவற்றை மட்டும் தேடி அடிக்க வேண்டும். 'லிஃப்ட்': லிஃப்ட் உள்ள வீட்டுக்காரன் என்று காட்டிக்கொடுக்கும். 'தீ': என்னுள் ஒரு தீ எரிகிறது என்று எழுதுகிறவனுக்கு வீட்டில் யாரோ காசு கொடுத்துக் கட்டுரைப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். இப்படி அறுபத்திரண்டு சொற்கள்.

வியாழக்கிழமை மிச்சமிருந்ததைத் திருத்தினார். பெரும்பாலான கட்டுரைகளில் 'நான்', 'ஆகவே', 'மிகவும்' ஆகியவை மட்டும் மிஞ்சியிருந்தன. நாற்பத்தைந்து, நாற்பத்தேழு என்று மார்க் ஊர்ந்தது.

பிறகு ஒரே ஒரு தாள். அதைப் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொண்ணூற்றேழு போட்டார். வீட்டுக்குப் போய் மனைவிக்கும் படித்துக் காட்டினார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "எங்கப்பா பேசற மாதிரியே இருக்குங்க," என்று சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்த பெயர்ப் பலகையைத் துடைத்து அவர் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். எதிரே தராசும் புள்ளியியல் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"'பதற வேண்டாம்'னு ஆரம்பிக்கறான் பாருங்க," என்றார் இயக்குநர். "'உடைமைகளுக்காகத் திரும்பிப் போக வேண்டாம்.' இந்த வயசுல யாருக்கு வரும் இது?"

"ஒரு 'நான்' கூடக் கிடையாது சார்," என்றார் தராசு. "அடிச்சதில்ல. அவன் எழுதவே இல்ல."

"'முந்தாமல், தள்ளாமல், ஒவ்வொரு படியாக இறங்கவும்.' மத்தவன் எல்லாம் மேல போறதப் பத்தியே எழுதறான். இறங்கறதப் பத்தி யோசிச்சவன் இவன் ஒருத்தன்தான்."

புள்ளியியல் மேடம் மார்க் பட்டியலைக் கீழிருந்து மேலாக இரண்டாம் முறை எண்ணினார். "சார், நாப்பது கட்டுரைக்கு நாப்பத்தொரு மார்க் இருக்கு."

"மேடம், எண்ணிக்கையா இப்ப முக்கியம்? மனுஷனப் பாருங்க." இயக்குநர் தராசு பக்கம் திரும்பினார். "தலைவர் பதவி உங்களுக்குத்தான். திங்கட்கிழமை அறை மாறிக்குங்க. இந்தப் பையன மொதல்ல நேர்காணலுக்குக் கூப்பிடுங்க. அதிகாரமா, தெளிவா எழுதறான். அப்பா பெரிய நிறுவனம் வச்சிருப்பாரு."

"இல்ல சார்," என்றார் தராசு. இந்த நிமிடத்துக்காகத்தான் அவர் நான்கு நாளாகக் காத்திருந்தார். "கடை. எழுத்துலயே தெரியுது. எனக்கு இப்ப அந்தப் பார்வை வந்துடுச்சு."

"நிறுவனம்."

"கடை சார். ரெண்டு ஷட்டர் இருக்கும்."

ஆபீஸ் அக்கா டீயை வைத்துவிட்டு, இயக்குநரின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"கடையும் இல்ல, நிறுவனமும் இல்ல சார். தீயணைப்பு ஆபீஸ். படிக்கட்டுல ஒட்ட வேண்டிய நோட்டீஸ்ல ஒண்ணு குறையுதேன்னு ரெண்டு நாளா தேடிக்கிட்டிருக்கேன்."