கழிப்பறையில் மயில்

குழாய்க்காரன் ரூசி கடப்பாரையால் இன்னொரு போடு போட்டதும், வெலிச்கோவின் சூப் கடைக் கழிப்பறையில் ஒரு மயிலின் வால் தெரிந்தது.

பச்சையும் நீலமும் பொன்னுமாகப் பொடிப் பொடிக் கற்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"அண்ணே, இது ரோமர் காலத்துத் தரை! என்ன அம்சமா இருக்கு பாருங்க!" என்றான் ரூசி.

"மூடுடா!"

"வாயையா, குழியையா?"

"ரெண்டையும்!"

பல்கேரியாவில் எங்கள் ஊரில் வெங்காயம் நடக் குழி பறித்தாலும் ரோமாபுரிக்காரன் தலையை நீட்டுவான். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது அதிசயம். எங்களுக்குத் தலைவலி. தொல்லியல் அலுவலகத்துக்குத் தகவல் போனால் வாசலில் தடுப்பு நாடாவைக் கட்டிவிட்டு, சின்னத் தூரிகையும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். சலூன்காரர் பெஷோவின் கடையில் ஒரு சுவர் கிடைத்தபோது அவர் மகன் பள்ளிக்கூடப் பையன். இப்போது அவனுக்கே முகச்சவரம் தேவைப்படுகிறது. கடைதான் இன்னும் திறந்தபாடில்லை.

வெலிச்கோவின் குடல் சூப் கடை போன வசந்தத்தில்தான் நகராட்சியின் 'நடந்தே ருசி' சுற்றுலாத் தாளில் இடம் பிடித்திருந்தது. அந்தத் தாளோடு வருகிறவர்களுக்கு வழிகாட்டி கிடையாது. அதிலுள்ள வரைபடத்தைப் பார்த்து அவர்களாகவே நடப்பார்கள். ரோமர் அரங்கின் படிகளில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள், கடைக்குக் கடை ஏறி ஒரு வாய் ருசி பார்ப்பார்கள். மூன்றாவது நிறுத்தம் பாலாடைக்கட்டி வைத்த பனித்சாப் பலகாரம் விற்கும் கடை. நான்காவது வெலிச்கோ. படுத்துக் கிடந்த வியாபாரம் இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தது.

போதாக்குறைக்குத் தொல்லியல் அலுவலகம் அடுத்த வாசல். அதன் தலைவர் கராஜோவ் மதியச் சாப்பாட்டுக்கு இங்கேதான் வருவார்.

"அவருக்குத் தெரிஞ்சா கடை போச்சு நெவேனா," என்றான் வெலிச்கோ மனைவியிடம். "எனக்குக் குடலைத் தவிர வேற என்ன தெரியும்?"

"பரவாயில்லையே, அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள் நெவேனா. வாய்தான் அப்படிச் சொன்னது. அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

ரூசியிடம் சத்தியம் வாங்கியாயிற்று. குழிமேல் பலகை, கதவில் 'பழுது' என்று ஒரு அட்டை. அதோடு தொல்லை தீர்ந்தது என்று வெலிச்கோ நினைத்தான்.

குடல் சூப் குடித்து, மேலே இரண்டு டம்ளர் மோரும் குடித்தவர்களுக்கு அந்த அட்டை எப்படி இருக்கும்? நடந்து வந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் மூன்றாவது நிறுத்தத்துக்கே திரும்பி ஓடினார்கள். பனித்சாக் கடைக்காரர் வந்து வாசலில் நின்று கத்தினார்.

"ஏன்யா, சூப்பு உன் கடையில, மத்ததெல்லாம் என் கடையிலயா?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுத் திரும்பினால், மூலை மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு. கையில் 'நடந்தே ருசி' தாள். முன்னால் சூப் ஆறிக்கொண்டிருக்க, அவள் தரையையே பார்த்துக்கொண்டு செருப்புக் குதியால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடலையா மேடம்?"

"சாப்பிடறேன். இந்தத் தரை எப்ப போட்டது?"

"எங்கப்பா காலத்துல."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பாவுக்கு முன்னாடி தாத்தா."

"தரையைக் கேட்டேன்." அவள் கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். "அங்க என்ன, தோண்டறீங்களா?"

"சேச்சே! குழாய் அடைப்பு."

"எவ்வளவு ஆழம்?"

"தோண்டலைன்னு சொன்னேனே!"

"தோண்டாமலேயா அந்தத் தம்பி தலையெல்லாம் மண்ணா இருக்கு?"

அடுத்த மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த ரூசி அவசரமாகத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அவள் போனதும் வெலிச்கோ அவன் மேல் பாய்ந்தான்.

"தலைநகர் சோபியாவுலேர்ந்து தொல்லியல்காரங்க அனுப்பின ஆளு! தின்ன வந்தவ ஸ்பூனைத் தொடவே இல்ல, பார்த்தியா? நீதானேடா சொன்ன?"

"நான் சொன்னா என் பெண்டாட்டியே கேக்கறதில்ல, சோபியாவா கேக்கப்போகுது? குழாய்க்காரன் வாயைத் திறந்தா இந்த ஊர்ல பிழைக்க முடியுமா அண்ணே?"

வெலிச்கோவுக்கு நம்பிக்கை வரவில்லை. சந்தேகம் வந்தவனுக்குச் சாப்பிடும் ஸ்பூனும் துப்பறியும். கராஜோவ் அன்று சூப்பில் கொஞ்சம் உப்புக் கூடுதல் என்றார். அதற்குள் என்ன பொருள் இருக்கிறது என்று மாலைவரை யோசித்தான்.

கழிப்பறையைச் சாமான் அறை ஆக்கிவிட்டால் என்ன? அந்த யோசனை வந்ததும் ரூசியும் அவனும் முட்டைக்கோஸ் ஊறும் பெரிய பீப்பாயை உருட்டி வந்தார்கள். அது முதலில் கதவில் மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்தது. பிறகு பலகைமேல் ஏறியது. பலகை மடக்கென்று முறிந்தது. பீப்பாய் கவிழ்ந்து, புளித்த உப்புத் தண்ணீர் முழுவதும் கொட்டி, சுற்றியிருந்த தரை ஓடுகளும் பெயர்ந்து வந்தன.

தண்ணீர் வடிந்தது. மயில் முழுத் தோகையையும் விரித்துக்கொண்டு பளபளவென்று கிடந்தது.

"எவ்வளவு அழகு!" என்றாள் நெவேனா தன்னை மறந்து.

அழகுதான். வெலிச்கோவுக்கே ஒரு நொடி கண் கலங்கியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தொல்லியல் அலுவலகத்துக்கும் இவனுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். இருமலைத் தொடர்ந்து ரேடியோ சத்தம் கூடியது.

"ஒட்டுக் கேக்கறாங்க," என்று கிசுகிசுத்தான் வெலிச்கோ.

"ஒட்டுக் கேக்கறவன் ரேடியோவைக் குறைப்பானா, கூட்டுவானா?" என்றாள் நெவேனா. அவன் காதில் அது ஏறவில்லை.

மறுநாள் சாம்பல் கோட்டு மறுபடி வந்தது.

"நேத்துதானே வந்தீங்க?"

"ருசி நாக்குலயே நிக்குது."

"நேத்து நீங்க வாயிலயே வைக்கலையே!"

"உங்க பின்சுவர் எவ்வளவு கனம் இருக்கும்?" என்றாள் அவள், எதுவும் காதில் விழாதது போல.

அன்றே கடையைச் சில நாள் மூட வெலிச்கோ முடிவு செய்தான். ஆனால் காரணம் இல்லாமல் மூடினால் தாளிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சாவு விழுந்தால் மட்டும்தான் விலக்கு. எங்கள் பல்கேரியாவில் ஒருவர் போய்விட்டால் படம் போட்ட மரண அறிவிப்பைக் கதவிலும் மரத்திலும் ஒட்டுவது வழக்கம். வெலிச்கோ பழைய சாமான் சந்தையில் சட்டத்தோடு வாங்கிய ஏதோ ஒரு மீசைக்காரரின் படத்தைப் போட்டு, 'எங்கள் அருமை மின்சோ மாமா' என்று அச்சடித்து ஒட்டினான்.

"யாருங்க இந்த மின்சோ?" என்றாள் நெவேனா.

"பிறக்கவே இல்ல. அதனால பாவமும் இல்ல."

பிறக்காத மனிதருக்குத் தெருவே அழுதது. "ஐயோ, போன வாரம்கூட வழியில பார்த்துப் பேசினேனே!" என்று மூக்கைச் சிந்தினாள் பூக்கடைக்காரி. சாவுக்குரிய கணக்கில் இரட்டை இரட்டையாகப் பூக்கள் வந்து குவிந்தன. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நெவேனா புருஷனைத் திட்டிக்கொண்டே சாவு வீட்டு வழக்கப்படி கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கிளறினாள். கூட்டத்தைப் பார்த்துத் தாளோடு வந்தவர்களும் உள்ளே நுழைந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் கோதுமை வாங்கித் தின்றுவிட்டு, நான்காவது நிறுத்தம்தான் இருப்பதிலேயே பிரமாதம் என்று விதவையின் கையைப் பிடிப்பது போல நெவேனாவின் கையைக் குலுக்கினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே சாம்பல் கோட்டு, இரண்டு வெள்ளைப் பூக்களோடு. துக்கம் கேட்கவில்லை. நேராகக் கழிப்பறைக்குள் போய்விட்டாள்.

வெலிச்கோ ரூசியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். அவள் மண்டியிட்டுத் தோகையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றான் வெலிச்கோ. "இந்தக் கடை போனா நானும் அவளும் நடுத்தெருதான். மறைச்சது தப்பு. பயத்துல செஞ்சுட்டேன். கையெடுத்துக் கும்பிடறேன், மேலிடத்துக்கு எழுதிடாதீங்க."

அவள் எழுந்தாள்.

"அப்ப, நீங்க இன்னும் புகார் கொடுக்கலையா?"

"நானா? நீங்கதானே சோபியா ஆபீஸ்?"

"எந்த ஆபீஸ்? நான் தெமெனுகா. உங்க பின் சந்துல போசா பானக் கடை வாங்கியிருக்கேன். அடுப்பு மாத்தலாம்னு தோண்டினா, ஒரு மயில் தலையைத் தூக்கி என்னைப் பார்க்குது! போட்ட பணமெல்லாம் அந்தக் கடையில. வால் கிடைச்சவங்க போய்ச் சொல்லிட்டா என் கதையும் முடிஞ்சுது. அவங்க யாருன்னு தெரியாம தூக்கமே இல்ல. அதான் அந்தத் தாளை வெச்சுக்கிட்டுக் கடை கடையா மோப்பம் பிடிச்சேன்."

வெலிச்கோ பொத்தென்று கவிழ்ந்த பீப்பாய்மேல் உட்கார்ந்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நான் சொல்லமாட்டேன்மா."

"நானும் சாமி சத்தியமா சொல்லமாட்டேன்."

"தலை உங்ககிட்ட, வால் என்கிட்ட. அப்ப வயிறு எவன்கிட்ட இருக்கு?"

இருவரும் யோசித்தார்கள். ரூசி மட்டும் யோசிக்கவில்லை. சாமான்களைப் பைக்குள் போட ஆரம்பித்தான்.

"அண்ணே, எனக்கு ஒரு அவசர வேலை..."

தாழ்ப்பாள் இல்லாத கதவு திறந்தது. துக்கம் கேட்க வந்த கராஜோவ், கையில் பூவோடு நின்றார். தரையைப் பார்த்தார். தோகையின் நுனியிலிருந்து சுவர்வரை மெதுவாகப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று தெமெனுகா கண்ணை மூடிக்கொண்டாள்.

கராஜோவ் உள்ளே வந்து கதவை முதுகால் சாத்தினார். பூவைப் போட்டுவிட்டு ரூசியின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"துரோகி! எங்க ஆபீஸ் கக்கூசுல வயிறு கிடைச்சப்போ உயிரே போனாலும் வெளியே சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, இவங்ககிட்ட எதுக்குடா சொன்ன?"